ஐந்து வருடத்துக்கு ஒரு புள்ளடி, அதற்குப் பிறகு?

வலிகாமம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "எங்கள் ஒழுங்கையில் மாரி தொடங்கினால் முழங்கால் அளவு வெள்ளம். விதானையாரிடம் சொன்னோம், பிரதேச சபை உறுப்பினரிடம் சொன்னோம், வாக்குக் கேட்டு வந்த எம்.பி.யிடமும் சொன்னோம். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புள்ளடி போடுவதைத் தவிர, பாராளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் எங்களைப் போன்ற ஆட்களுக்கு எதற்கு?"

நான் சட்டத்தரணி அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியவன். சட்டம் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்பதைவிட, யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற சனத்துக்கு அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே மூன்று தரம் வருகிற ஒரு சொல்லைப் பாருங்கள்: "சொன்னோம்". ஓரிடத்திலாவது எழுதிக் கொடுத்தீர்களா? வாயால் சொன்னதற்குக் கோப்புத் திறக்கமாட்டார்கள். கோப்பு இல்லாத விஷயத்துக்கு இந்த நாட்டில் எவரும் பொறுப்பும் இல்லை. இதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் புள்ளடி.

பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் தேசியப் பட்டியல் மூலமும் போகிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2010 இல் எங்களுக்கு 9 ஆசனம். 2015 இல் 7. 2024 இல் 6. எவரோ களவாடிக்கொண்டு போனதில்லை இது. ஆசனம் பிரிப்பது வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களை வைத்து. சனம் வெளிக்கிட்டுப் போய்விட்டது; இருக்கிறவர்களிலும் பலர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று விதானையாரிடம் எட்டிப் பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் வாக்காளர் அட்டை வரவில்லை என்று கத்துவதில் பலனில்லை.

போட்ட வாக்கு எப்படி ஆசனமாகிறது என்பது எங்கள் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தெரியாது. 2024 நவம்பர் 14 தேர்தலையே எடுத்துப் பார்ப்போம், ஒரு துண்டுத் தாளில் போடக்கூடிய கணக்குத்தான். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கு சுமார் 325,000. அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 16,000 சொச்சம் எடுக்காத பட்டியல்கள் அந்த இடத்திலேயே வெளியே. அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியவை ஆறு பட்டியல்கள்; அவற்றின் மொத்தம் சுமார் 240,000. மிச்சம் 85,000 வாக்குகள் பங்கீட்டுக்கே வரவில்லை. ஆறு ஆசனத்தில் ஒன்று, முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ். மீதி ஐந்தால் 240,000ஐப் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,000. தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,000 சொச்சம்: ஓர் ஆசனம் வாங்கி 32,000 மிச்சம். தமிழரசுக் கட்சி 63,000 சொச்சம்: ஓர் ஆசனம் வாங்கி 15,000 மிச்சம். தமிழ்க் காங்கிரஸும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் தலைக்கு ஏறக்குறைய 28,000; முழு விலை கொடுக்க இயலாது, அத்தனையும் மிச்சக் கணக்கில்தான். இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை பெரிய மிச்சம் வைத்திருப்பவர்களுக்கு: 32,000, பிறகு அந்த இரண்டு 28,000. ஆக தேசிய மக்கள் சக்திக்கு 3, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

63,000 வாக்கு எடுத்தவருக்கும் ஒன்று, 28,000 எடுத்தவருக்கும் ஒன்று. நாலில் ஒரு பங்கு வாக்கு எடுத்தவருக்குப் பாதி ஆசனம். தெற்கத்தைய கட்சி யாழ்ப்பாணத்தில் வென்றது எப்படி என்று வாரக்கணக்கில் விவாதித்தார்கள். அவர்கள் வாக்கு எடுத்தது உண்மை, அதை மறுக்க இயலாது. ஆனால் 85,000 வாக்கைத் தண்ணீரில் கரைத்தது ஆளுக்கொரு பட்டியல் போட்ட எங்கள் அரசியல்வாதிகளின் பெருமைதான் என்பது என் அபிப்பிராயம். கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்குள் எவர் போவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமை கொண்டுவந்தது. அந்த முதல் தேர்தலில் குடாநாட்டின் நாலு தொகுதிக்கும் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று பகிஷ்கரித்தது. 1934 இல் இடைத்தேர்தல் வரும்வரை அரசாங்க சபையில் அந்தக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் வெறுங்கதிரை ஒரு கேள்வியும் கேட்காது.

சரி, எம்.பி. எதற்கு? ஒழுங்கைக்கு மண் போடுவதற்கு அல்ல. சட்டம் இயற்றுவது, அரசின் காசுக்கு அனுமதி கொடுப்பது, அமைச்சர்களிடம் கேள்வி கேட்பது, இந்த மூன்றும்தான் அவருடைய வேலை. எம்.பி. சொல்கிற ஊர் வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று வந்த பிறகு அவரை ஒரு பெரிய ஓவசியர் போல ஆக்கிவிட்டோம். அவரும் சந்தோஷமாக ஓவசியர் ஆகிவிட்டார். ஆனால் அவர் கையால் மட்டும் நடக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது, எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதே குறைவு. பொதுமனுக்கள் பற்றிய பாராளுமன்றக் குழு. அரச நிறுவனம் ஒன்றினால் உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தால், எம்.பி. ஒருவர் மூலம் அங்கே மனுச் சமர்ப்பிக்கலாம். குழு அதிகாரிகளைக் கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரிக்கும். அடுத்த முறை எம்.பி. கோயில் திருவிழாவுக்கு வந்தால், பொன்னாடையோடு ஒரு மனுவையும் கையில் கொடுத்துப் பாருங்கள்.

சட்டம் இயற்றுகிற இடத்தில் குடிமகனுக்கு ஒரு சின்ன வாசல் திறந்து இருக்கிறது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும், பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அதிலிருந்து குறிப்பிட்ட சில நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போய், இது அரசியலமைப்புக்கு முரண் என்று வாதாடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் சொல்லவேண்டும். அந்த நாட்கள் போனால் போனதுதான். சபாநாயகர் கையொப்பம் வைத்த பிறகு, அது செல்லாது என்று சொல்ல இலங்கையில் எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை; 80(3)ஆம் உறுப்புரை அப்படி. இந்தியச் செய்தி பார்த்து வளர்ந்த எங்கள் சனத்துக்கு இது விளங்குவது கஷ்டம். டில்லியில் நிறைவேற்றிய சட்டத்தைப் பிறகும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். இங்கே அந்த வழி இல்லை.

சட்டத்தைப் பிறகும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடிய காலம் முன்பு இங்கேயும் இருந்தது. சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்றது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்த கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞருக்கு, சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். மனுசன் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அந்தச் சட்டமே செல்லாது என்று. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மேல், அதாவது அரசின் மேல், வழக்குப் போட இயலாது என்று வேறு காரணம் சொல்லித் தள்ளியது. 1969 இல், அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் அந்தக் காரணம் பிழை என்று திருப்பி அனுப்பியது. ஆனால் முக்கியமான கேள்விக்கு, மொழிச் சட்டம் செல்லுமா என்பதற்கு, கடைசிவரைக்கும் தீர்ப்பே வரவில்லை. 1972 இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. ஓர் எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் ஒரு நாட்டின் அரசியலமைப்பையே உரசிப் பார்த்தது என்பதற்காக இந்த வழக்கை நான் அடிக்கடி நினைப்பேன்.

எண்ணிக்கையில் குறைந்த சனத்துக்குப் பாராளுமன்றம் எப்போதும் ஏறுவழிதான். இதைப் பூசி மெழுகி எழுதுவது சரியல்ல. 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்தே பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1982 இல் அதன் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருடம் கடந்தும் அந்தத் "தற்காலிகம்" பாவனையில் இருந்தது.

ஆனாலும் நீதிமன்றம் அசைந்த நேரங்கள் உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். சம்பந்தன் உட்படப் பலர் மனுப் போட்டார்கள். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று நிறுத்தப்பட்டபோது, அதுவும் பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் 2025 மே 6 நடந்தது. உங்கள் பிரதேச சபையில் இன்று உறுப்பினர்கள் இருப்பதற்கு அந்த வழக்குக்கும் பங்கு உண்டு.

அந்த இரண்டும் அடிப்படை உரிமை மனுக்கள். பிடிக்கிற பொலிஸ், பதவி உயர்வில் ஓரவஞ்சனை செய்கிற திணைக்களம், எதுவானாலும் அரச அதிகாரத்தால் உங்கள் உரிமை மீறப்பட்டால் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கொழும்பு புதுக்கடைக்குத்தான் போகவேண்டும், இங்கே அதற்கு நீதிமன்றம் இல்லை. கால அவகாசம் ஒரு மாதம். திரும்பவும் சொல்கிறேன்: ஒரு மாதம். ஒரு தாய் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மகனைப் பிடித்து அடித்திருக்கிறார்கள். அவர் கோயிலுக்கு நேர்த்தி வைத்து, பெரிய ஆட்களிடம் போய் அழுது, கடைசியாகச் சட்டத்தரணியைத் தேடி வந்தது நாற்பத்தோராம் நாள். கையில் ஒரு பொலித்தீன் பையில் ஆஸ்பத்திரித் துண்டு, மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோய். வழக்கில் உண்மை இருந்தது, நாள் இல்லை.

அவர் முதல் வாரமே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்து விசாரணை நடந்துகொண்டிருந்தால், அந்தக் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் கையில் வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எவரையாவது பிடித்துக்கொண்டு போனால், சாதாரண சட்டத்தின்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவரவேண்டும். அந்த மணிக்கூட்டைப் பாருங்கள், பொலிஸ்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

வேலிச் சண்டைக்கு இதெல்லாம் தேவையில்லை. கதியாலை அரையடி தள்ளி நட்டுவிட்டான் என்று நேரே வழக்குக்கு ஓடுகிறார்கள். சின்னச் சிவில் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே போகவேண்டும். பழைய ஆட்கள் இப்போதும் இணக்க சபை என்பார்கள். அங்கே சட்டத்தரணி பேச இயலாது, நீங்களே பேசவேண்டும். சரிவராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடுதான் நீதிமன்றம். தேசவழமை, உறுதி, முதுசொம் பற்றிக் கேட்டால் அது தனிக் கதை, இன்னொரு நாள்.

இனி உங்கள் ஒழுங்கை.

முதல் கேள்வி, அது யாருடைய ஒழுங்கை? ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகை மாகாணத்தினுடையவை. மிச்சம் உள்ளூராட்சி மன்றத்துடையவை, பெரும்பாலும் உங்களுடையதும் அப்படித்தான். உள்ளூராட்சிக்கு மேலே இருக்கவேண்டியது மாகாண சபை. வட மாகாண சபைக்கு 2013 இல் முதல் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதோடு ஆளுநர்தான் எல்லாம். காரணம் வேடிக்கையானது: 2017 இல் தேர்தல் முறையைப் பாராளுமன்றம் மாற்றியது, புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் தேவை, அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் அதே பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய சட்டம் போய்விட்டது, புதியது ஓடாது. எம்.பி.யிடம் கேட்கவேண்டிய கேள்வி இது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரதேச சபையில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குமேல் ஆணைக்குழு. ஆனால் எங்கள் ஆட்கள் இதில் விடுகிற பிழை, "ஏன் வாய்க்கால் வெட்டவில்லை?" என்று எழுதுவது. சட்டம் தரச் சொல்வது பதிவில் உள்ள தகவலை. "ஏன்" என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது. இப்படிக் கேளுங்கள்: இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் எந்த இலக்கத்தில் இருக்கிறது, அகலம் எவ்வளவு என்று பதிந்திருக்கிறது? கடந்த மூன்று வருடத்தில் இந்த வட்டாரத்து வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அதன் பிரதி. எங்கள் முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் பிரதி.

அகலத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பதிவேட்டில் பன்னிரண்டு அடி என்று இருந்து, நிலத்தில் ஒன்பது அடிதான் இருந்தால், வெள்ளம் எங்கே போகிறது என்பது உங்கள் ஒழுங்கைக்காரருக்கே விளங்கும். மூன்று அடி எவருடைய மதிலுக்குள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பதிலோடு கூட்டம் கூட்டினால் அரைவாசிப் பேர் வரமாட்டார்கள்.

மூன்றாவது, சபை செய்யவேண்டிய கடமையை எழுத்தில் கேட்டும் செய்யவில்லை என்றால் எழுத்தாணை மனு, அதாவது கடமையைச் செய் என்று சபைக்குக் கட்டளையிடும்படி நீதிமன்றத்தைக் கேட்பது. இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. உள்ளூராட்சி மாகாண விடயம் என்பதால், 13ஆம் திருத்தத்தோடு வந்த 154P உறுப்புரையின்படி யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் இருக்கிறது. இங்கே தமிழிலேயே நடக்கும். அந்த மனுவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள்தான் அத்திவாரம். கடிதம் இல்லாமல் எந்தச் சட்டத்தரணி வந்தாலும் சுவர் எழும்பாது.

மொழி பற்றியும் ஒன்று. வீட்டுக்கு ஒருமுறை ஒரு திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. மொழிபெயர்க்க ஆள் தேடாமல், "வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, 22ஆம் உறுப்புரை, தமிழில் அனுப்பவும்" என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பினேன். மூன்று கிழமையில் தமிழில் வந்தது. தமிழ் கொஞ்சம் பிழைதான், ஆனாலும் வந்தது.

ஆகவே இந்தக் கிழமை ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதம் சபைச் செயலாளருக்கு; அதன் பிரதிகள் தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும். ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கங்கள், எந்த மாதம் எத்தனை நாள் வெள்ளம் நிற்கிறது, இரண்டு படம். பத்து வீட்டார் கையொப்பம் வைத்தால் நல்லது, நாலு பேர் என்றாலும் போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். "வைத்துவிட்டுப் போங்கோ" என்பார்கள். முத்திரை குத்தும்வரை நில்லுங்கள். குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை ஒழுங்கையில் கடிதம் தொலைக்காத ஒரு ஆளிடம் கொடுத்து வையுங்கள். அநேகமாக அது ஓர் அன்ரியாகத்தான் இருக்கும்.